கடல் தாண்டி ஒரு காதல்: பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். என் கணவர் போலந்து நாட்டுக்காரர். டேட்டிங் ஆப் வழியாகப் பழகி, இரண்டு வீட்டுக்கும் சொல்லி, பெங்களூரிலேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டு இங்கேயே குடும்பம் நடத்துகிறோம். அதனால் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது ஒருவர் கேள்வியோடு வந்துகொண்டே இருப்பார்கள். பாதிப் பேர் 'என் ஃபிரெண்டுக்காகக் கேக்கறேன்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்படி வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஆன்லைனில் பழகிய வெளிநாட்டுக்காரரோடு கல்யாணம் வரைக்கும் போக முடியுமா?

முடியும். கல்யாணம் வரை போனவர்களைப் பார்த்தால், சீக்கிரமே வீடியோவில் பேசி, சீக்கிரமே நேரில் சந்தித்து, வீட்டில் மறைக்காமல் சொன்னவர்களாக இருக்கிறார்கள். வருஷக்கணக்கில் குறுஞ்செய்தியிலேயே காதலித்தவர்கள் பெரும்பாலும் மனசு உடைந்துதான் நின்றார்கள்.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இதில் கொஞ்சம் பழக்கம் உண்டு என்பது என் எண்ணம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், சிவாஜிநகர் கடையில் உருது, ஆபீஸில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர்கள் நாம். நம் வீட்டு வழக்கம்தான் உலக வழக்கம் என்று நினைக்க இந்த ஊர் விட்டதே இல்லை.

எந்த ஆப் நல்லது?

ஆப்பைவிட அதை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதுதான் முக்கியம். டிண்டரில் காசு கட்டினால் வேறு ஊருக்கு, வேறு நாட்டுக்கு இடத்தை மாற்றிக்கொண்டு தேடலாம். பம்பிள், பெண்தான் முதலில் பேச்சைத் தொடங்க வேண்டும் என்ற ஏற்பாட்டோடு வந்தது. ஓகேக்யூபிடில் குழந்தை, மதம், அரசியல், பணம் என்று நிறையக் கேள்விகள் கேட்பார்கள். பொறுமையாகப் பதில் சொன்னால் ஒத்துவராத ஆட்கள் முதலிலேயே கழிந்துபோவார்கள். நாடு விட்டு நாடு தேடுகிறவர்களுக்கு இது வசதி.

ஒரு கடிதத்துக்கு இவ்வளவு, ஒரு நிமிஷ சாட்டுக்கு இவ்வளவு என்று காசு பிடுங்குகிற 'சர்வதேச மணமக்கள்' தளங்கள் பக்கமே போகாதீர்கள். உங்கள் பேச்சு நீண்டால்தான் அவர்களுக்கு வருமானம். நீங்கள் இருவரும் சந்தித்துவிட்டால் அது நின்றுவிடும்.

ப்ரொஃபைலில் என்ன எழுதுவது?

என்ன வேலை, எந்த ஊர், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். கல்யாண எண்ணம் இருந்தால் அதையும் எழுதலாம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 'பயணம் பிடிக்கும், இசை பிடிக்கும்' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரையில் நடந்துவிட்டு அம்மா வீட்டில் சாப்பிடப் போவீர்கள் என்று எழுதினால், நீங்கள் யார் என்று எதிரில் இருப்பவருக்குப் புரியும். வீட்டு முகவரி, கம்பெனிப் பெயர், போன் நம்பர் மட்டும் வேண்டாம்.

எதிரில் இருப்பவர் நிஜமான ஆள்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே முகம் வேறு பெயரில் எங்கேயாவது கிடைக்கிறதா என்று தெரிந்துவிடும். முதல் வாரத்திலேயே வீடியோ கால் கேளுங்கள். 'கேமரா ரிப்பேர்', 'கப்பலில் இருக்கிறேன்', 'ராணுவ முகாமில் அனுமதி இல்லை' என்று திரும்பத் திரும்பக் காரணம் வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இப்போது வீடியோவிலும் போலி முகம் வைக்கிறார்கள். பேசும்போதே முகத்துக்கு முன்னால் கையை அசைக்கச் சொல்லுங்கள், பக்கவாட்டில் திரும்பச் சொல்லுங்கள். போலி முகம் அந்த இடத்தில் கலைந்துபோக வாய்ப்பு அதிகம்.

இதையெல்லாம்விட நான் நம்புவது அன்றாடப் பேச்சைத்தான். நிஜமான ஆளுக்கு ஜலதோஷம் பிடிக்கும், மேனேஜரோடு சண்டை வரும், தங்கச்சி கல்யாணத்தில் மனஸ்தாபம் இருக்கும். என் கணவர் முதல் மாதத்திலேயே தன் அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே பேசினார். பின்னால் அம்மா குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தார். இப்படி ஒரு சாதாரண சாயங்காலத்தை ஏமாற்றுக்காரரால் மாதக்கணக்கில் காட்டிக்கொண்டிருக்க முடியாது. அவர்கள் ஹோட்டல், கார், விமான நிலையம் என்றுதான் காட்டுவார்கள். அப்புறம், பத்து நாளில் 'நீதான் என் உயிர்' என்பார்கள்.

அவசரம் என்று பணம் கேட்கிறார். அனுப்பலாமா?

நேரில் சந்திக்காதவருக்கு ஒரு ரூபாய் கூட அனுப்பாதீர்கள். அம்மாவுக்கு ஆபரேஷன், விசா கட்டணம், டிக்கெட்டில் பாதி என்று எந்தக் காரணம் சொன்னாலும் இதுதான் என் பதில்.

நம் நாட்டில் அடிக்கடி நடப்பது பார்சல் மோசடி. லண்டனிலிருந்து உங்களுக்கு நகையும் பவுண்டு நோட்டும் அனுப்பியதாக அவர் சொல்வார். இரண்டு நாள் கழித்து 'டெல்லி விமான நிலையக் கஸ்டம்ஸ்' என்று ஒரு பெண் போன் செய்வார். வரி கட்டுங்கள், இல்லாவிட்டால் கேஸ் என்பார். ஏதோ ஒரு தனி நபரின் வங்கிக் கணக்கைக் கொடுப்பார். அசல் கஸ்டம்ஸ் துறை ஒருநாளும் இப்படித் தனிக் கணக்கில் பணம் போடச் சொல்லாது. அவர்கள் அனுப்பும் கடிதத்தில் 'டின்' என்ற ஆவண அடையாள எண் இருக்கும். அது சரியா என்று மறைமுக வரி வாரியத்தின் இணையதளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு வகையில் அவர் பணமே கேட்கமாட்டார். மாதக்கணக்கில் அன்பாகப் பேசிவிட்டு, 'நான் கிரிப்டோவில் நல்லா சம்பாதிக்கிறேன், உனக்கும் சொல்லித் தரேன்' என்பார். முதலில் போட்ட சின்னத் தொகைக்கு லாபமும் வரும், எடுக்கவும் முடியும். பெரிய தொகையைப் போட்டதும் அந்தத் தளமே மறைந்துபோகும். இப்படிப் பேசுகிறவர்களில் பலர் மியான்மர், கம்போடியா பக்கம் அடைத்து வைக்கப்பட்டு, அடிக்குப் பயந்து தட்டச்சு செய்பவர்கள். வேலை என்று நம்பிப் போய் மாட்டிக்கொண்ட இந்திய இளைஞர்களும் அதில் உண்டு. கேட்கவே பரிதாபமாக இருக்கும். ஆனாலும் உங்கள் சேமிப்பு போவது போவதுதான்.

ஏமாந்துவிட்டேன். யாரிடமும் சொல்ல முடியவில்லை. என்ன செய்வது?

முதலில் 1930-க்கு போன் செய்யுங்கள். தேசிய சைபர் குற்ற உதவி எண் அது. பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால், அது போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கிவைக்க வாய்ப்பு இருக்கிறது. உங்கள் வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். சாட், நம்பர், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதீர்கள்.

அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். ஒரு தடவை கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, பிளாக் செய்துவிட்டுப் புகார் கொடுங்கள். அனுமதியில்லாமல் ஒருவரின் அந்தரங்கப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் குற்றம்.

வீட்டில் யாராவது ஒருவரிடம் சொல்லுங்கள். ஏமாந்தவர்கள் முட்டாள்கள் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 2022-ல் மட்டும் ஏறக்குறைய 70,000 பேர் காதல் மோசடியில் சிக்கியதாகப் புகார் செய்திருக்கிறார்கள். போன பணம் 130 கோடி டாலர் என்று அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் சொன்னது. அன்புக்கு ஏங்குவது குற்றமில்லை. அதை வைத்துக் காசு பறித்தவன்தான் குற்றவாளி.

நேர வித்தியாசத்தை எப்படிச் சமாளிப்பது?

ஐரோப்பா பரவாயில்லை. வார்சாவுக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை. அமெரிக்காவின் மேற்குக் கரை என்றால் பன்னிரண்டரை, பதின்மூன்றரை. நமக்கு ராத்திரி, அவர்களுக்குக் காலை. தினமும் ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் நிம்மதியாகப் பேசினாலே போதும்.

எப்போது நேரில் சந்திக்க வேண்டும்?

ஆறு மாதத்துக்குள் முடிந்தால் நல்லது, ஒரு வருஷத்தைத் தாண்ட விடாதீர்கள். பார்க்காமலே கல்யாணப் பேச்சை எடுக்காதீர்கள். அமெரிக்காவின் கே-1 வருங்கால மணத்துணை விசாவுக்கு, விண்ணப்பிப்பதற்கு முந்தைய 2 வருடத்துக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்றே விதி இருக்கிறது.

முதல் தடவை அவர் இங்கே வருவது நல்லது என்பேன், அதுவும் நீங்கள் பெண்ணாக இருந்தால். உங்கள் ஊர், உங்கள் ஆட்கள், உங்கள் மொழி. அவர் ஹோட்டலில் தங்கட்டும். முதல் சந்திப்பு கப்பன் பார்க், எம்.ஜி. ரோடு மாதிரி ஆள் நடமாட்டம் உள்ள இடமாக இருக்கட்டும். எங்கே போகிறீர்கள் என்று ஒரு தோழிக்காவது தெரிந்திருக்க வேண்டும். பின்னால் உங்கள் வீட்டில் தங்கவைத்தால், வெளிநாட்டவர் தங்கியிருக்கிறார் என்ற தகவலை ('ஃபார்ம் சி' என்பார்கள்) 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிய வேண்டும். ஹோட்டல் அதைத் தானே செய்துவிடும், வீட்டில் தங்கினால் அது உங்கள் பொறுப்பு. பலருக்கு இது தெரிவதில்லை. பிறகு விசா வேலையாகப் போகும்போது சிக்கலாகிறது.

வீட்டில் எப்படிச் சொல்வது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்.

எல்லோரையும் உட்காரவைத்து ஒரே நாளில் சொல்லாதீர்கள். வீட்டில் யார் சொன்னால் அப்பா காது கொடுப்பார் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் வீட்டில் அது சித்தி. அவரிடம் முதலில் சொன்னேன். ஒரு வாரம் கழித்து அவரே என் கணவரோடு வீடியோவில் பேசினார். பிறகுதான் அப்பாவிடம் பேச்சு போனது. அப்பா கேட்ட முதல் கேள்வி, 'அவங்க வீட்டுல யார் யார் இருக்காங்க?' என்பதுதான். மதம், சம்பளம் எல்லாம் அதற்கு அப்புறம் வந்தது.

அவர்கள் கேட்பதை எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே கல்யாணம் ஆனவனா? உன்னைக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டால்? எங்களுக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள்? மூன்றும் நியாயமான கேள்விகள். முதல் கேள்விக்கு அவர் நாட்டு அரசு தரும், திருமணமாகாதவர் என்ற சான்றிதழைக் காட்டலாம். இரண்டாவதுக்கு உங்கள் வேலையும் உங்கள் பெயரில் உள்ள சேமிப்பும்தான் பதில். மூன்றாவதை நீங்கள் இருவரும் முதலிலேயே பேசி முடித்திருக்க வேண்டும். பெரியவர்கள் பெரியவர்களோடு பேசுவதும் முக்கியம். மாமியாருக்கு ஆங்கிலம் வராது, அம்மாவுக்கும் அரைகுறை. என்றாலும் இருவரும் வீடியோவில் ஒருவருக்கொருவர் தொட்டிச் செடியைக் காட்டிச் சிரித்துக்கொண்டார்கள். அன்றைக்கு அம்மாவின் பயம் பாதி குறைந்தது.

வெளிப்படையாக ஒன்று சொல்லியாக வேண்டும். வெள்ளைக்கார மாப்பிள்ளை என்றால் இனிப்பு கொடுக்கிற வீடு, ஆப்பிரிக்க நாட்டுப் பையன் என்றால் கதவைச் சாத்துகிறது. வெளிநாட்டு மருமகளைக் கொண்டாடுகிற வீடு, சொந்த ஊரில் வேறு சாதிப் பெண் என்றால் கொதிக்கிறது. 2016-ல் இதே பெங்களூரில் தான்சானிய மாணவி ஒருவரைக் கும்பல் தாக்கியது. அந்த வெறுப்பு வானத்திலிருந்து வரவில்லை. நம் வீடுகளில் நிறம் பற்றிப் பேசுகிற பேச்சும் அதற்குத் தீனி போடுகிறது. உங்கள் துணை கறுப்பினத்தவர் என்றால், உறவினர் ஒருவர் வாய்தவறிப் பேசும்போது அங்கேயே, அப்போதே மறுத்துப் பேசுங்கள். அவர் பக்கம் நிற்க அந்த அறையில் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள்.

வீட்டில் மிரட்டல், அடைத்து வைப்பது என்று போனால் பொறுத்துப்போக வேண்டாம். மனம் ஒத்த, வயது வந்த இருவரின் திருமணத்துக்குக் குடும்பத்தின் சம்மதமோ ஊரின் சம்மதமோ தேவையில்லை என்று 2018-ல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181.

கலாசார வித்தியாசம் நிஜமாக எங்கே இடிக்கும்?

சாப்பாட்டில் இடிக்காது. ரசம் பழகிவிடும். பெற்றோருக்குப் பணம் கொடுப்பதில்தான் இடிக்கும். நான் மாதாமாதம் வீட்டுக்குக் கொடுப்பேன். என் கணவருக்கு அது ஏதோ கடன் அடைப்பதாகத் தோன்றியது. அவர் அம்மாவுக்குப் பென்ஷன் வருகிறது, மகன் பணம் கொடுத்தால் வருத்தப்படுவார். கல்யாணத்துக்கு முன்பே எவ்வளவு, எதுவரை என்று தாளில் எழுதிப் பேசிக்கொண்டோம். காதலிக்கும்போது இதையெல்லாம் பேசுவதா என்று கூச்சப்படாதீர்கள்.

அடுத்து, கதவு. எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அம்மாவிடம் இருந்தது. காலை ஏழு மணிக்கு அவர் பாட்டுக்குத் திறந்துகொண்டு வந்து, சாம்பார் டப்பாவை மேடையில் வைத்துவிட்டு, காயப்போட்ட துணியை மடிக்க ஆரம்பிப்பார். லுங்கியோடு அறையிலிருந்து வெளியே வந்த மனிதர் திகைத்து நின்றுவிட்டார். அம்மாவுக்கு அது பாசம், அவருக்கு அது அத்துமீறல். இப்போது சாவி அம்மாவிடமேதான் இருக்கிறது, ஆனால் காலிங்பெல் அடித்துவிட்டுத்தான் வருவார்.

ஒத்துப்போகிற விஷயங்களும் எதிர்பாராத இடத்தில் கிடைக்கும். போலந்தில் பூங்கொத்து கொடுத்தால் ஒற்றைப்படையில்தான் கொடுப்பார்கள், இரட்டைப்படை சாவு வீட்டுக்கு. 101, 501 என்று மொய் எழுதுகிற அப்பாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்காக அவர்கள் ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்கள். அன்றைக்கு மேசையில் மீன் உண்டு, இறைச்சி கிடையாது. அல்சூர் வீட்டில் நாங்களும் வைக்கிறோம். மாடி வீட்டுப் பாட்டி வந்து சாப்பிட்டுப் போவார்.

சட்டப்படி எப்படிக் கல்யாணம் செய்வது?

1954-ன் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. மதம் மாற வேண்டியதில்லை. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். திருமண அதிகாரியிடம் நோட்டீஸ் கொடுத்தால் அதை அலுவலகத்தில் ஒட்டுவார்கள். 30 நாளுக்குள் சட்டப்படியான ஆட்சேபணை வராவிட்டால், 3 சாட்சிகளோடு போய்க் கையெழுத்துப் போடலாம். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும், தவறினால் மறுபடி முதலிலிருந்து. வெளிநாட்டவரின் விசா நாட்களை இந்தக் கணக்கை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். திருமணமாகாதவர் என்ற சான்றிதழ், பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் அவர் கிளம்பும் முன்பே தயார் செய்துகொண்டு வரட்டும்.

வெளிநாட்டில் செய்வதென்றால் 1969-ன் வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படி இந்தியத் தூதரகத்தில் செய்யலாம். ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும்.

கோயிலில் தாலி கட்டினால் போதாதா?

மனசுக்குப் போதும், சட்டத்துக்குப் போதாது. இந்துத் திருமணச் சட்டம் பொருந்த இருவருமே இந்துவாக இருக்க வேண்டும். முதலில் பதிவு, பிறகு கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் இங்கே தங்க என்ன வழி?

இந்தியரின் துணைக்கு என்ட்ரி விசா கிடைக்கும். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தால், வந்த 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓ என்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இப்போது பெரும்பாலும் ஆன்லைனிலேயே முடிந்துவிடுகிறது. பதிவான திருமணம் 2 வருடம் தொடர்ந்து நீடித்த பிறகு ஓசிஐ அட்டைக்கு, அதாவது வெளிநாட்டவர் இங்கே நீண்டகாலம் தங்க உதவும் அட்டைக்கு, விண்ணப்பிக்கலாம். அவரோ, அவருடைய பெற்றோர், தாத்தா பாட்டி, கொள்ளுத் தாத்தா பாட்டியில் ஒருவரோ பாகிஸ்தான், வங்கதேசக் குடியுரிமை உள்ளவராகவோ முன்பு இருந்தவராகவோ இருந்தால் இது கிடையாது. ஓசிஐ வந்துவிட்டால் வேலைக்குத் தனி விசா வேண்டாம். ஆனால் ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

நீங்கள் அங்கே போவதாக இருந்தால் அந்த நாட்டு விதியை இப்போதே படியுங்கள். ஜெர்மனிக்குத் துணை விசாவில் போகப் பொதுவாக ஏ1 என்ற தொடக்க நிலை ஜெர்மன் மொழித் தேர்வு தேறியிருக்க வேண்டும். இந்திராநகர் மாக்ஸ் முல்லர் பவனில் இதற்காகவே படிக்க வருகிறவர்கள் உண்டு.

குழந்தைக்கு எந்த நாட்டுக் குடியுரிமை?

இங்கே பிறந்தால், பெற்றோரில் ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டப்படி இங்கே இருப்பவர் என்றால் குழந்தை இந்தியக் குடிமகன்தான். வெளிநாட்டில் பிறந்தால் ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். இரட்டைக் குடியுரிமையை நம் நாடு ஏற்பதில்லை. எந்த பாஸ்போர்ட் என்பதை இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்.

நான் ஓரினச் சேர்க்கையாளர். எனக்கு இங்கே வழி உண்டா?

பழகவும் சேர்ந்து வாழவும் தடையில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதைக் குற்றம் என்ற பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் திருமணத்துக்கு 2023 தீர்ப்பில் அங்கீகாரம் கிடைக்கவில்லை. அதனால் துணை என்ற முறையில் இங்கே விசா, ஓசிஐ எதிர்பார்க்க முடியாது. அவர் நாட்டில் சட்டம் அனுமதித்தால் அங்கே குடியேறுவது பற்றி யோசியுங்கள். இப்படி ஊரைவிட்டுப் போக வேண்டிய நிலை வருவது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

பழகிப் பார்த்தோம், ஒத்துவரவில்லை. எப்படி முடிப்பது?

வீடியோவில் முகம் பார்த்துச் சொல்லுங்கள். பதில் போடாமல் மறைந்துபோவது, அதுவும் இவ்வளவு தூரத்தில் இருப்பவரிடம், கொடுமை. அவர் விபத்தில் சிக்கினாரா, உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிக்கக்கூட அங்கே ஆள் இருக்காது. காரணத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும், நீதிமன்றம் மாதிரி வாதாட வேண்டாம். வீட்டில் சொல்லியிருந்தால் அவர்களிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள். உங்கள் படங்களை அழிக்கச் சொல்லுங்கள், அவர் அனுப்பிய படங்களையும் அன்றைக்கே அழித்துவிடுங்கள்.